படத்தில் பச்சை, கண்ணுக்கு வெளுப்பு

அம்பாசமுத்திரம்
ஆவணி மாதம்

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்தது பெரிய நிம்மதி. உன் முழங்கால் விஷயத்தில் டாக்டர் பேச்சை நீ கேட்பதாகத் தெரியவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இருட்டில் தானாக ஒளிரும் காளானை நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல பச்சைச் சாயம் பூசினியாலே?" என்று எழுதியிருக்கிறாய். பூசவில்லை. ஆனாலும் உன் சந்தேகத்தில் நியாயம் உண்டு. அந்த இடத்தில் நின்று நான் பார்த்தது இந்தப் பச்சை இல்லை. சாம்பல் கலந்த ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். நேராக உற்றுப் பார்த்தால் அதுவும் மங்கிவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் திரும்பத் தெரியும். இருட்டில் நமக்கு வேலை செய்கிற கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. பார்வையின் நடு மையத்தில் அவை இருப்பதும் இல்லை. கேமராவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நாலு நிமிடம் திறந்து வைத்தால் நாலு நிமிட வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளும். காளான் விடுகிற ஒளியின் அலைநீளம் 520, 530 நானோமீட்டரை ஒட்டி வருகிறது, அசல் பச்சை. ஆக, படம் பொய் இல்லை. ஆனால் காடு முழுக்க சீரியல் பல்பு போட்ட மாதிரி வருகிற படங்களை நம்பிப் போகிறவன் ஏமாந்துதான் திரும்புவான்.

எந்த இடம் என்று கேட்டாய். முண்டந்துறைக்கு மேலே. அதற்கு மேல் எழுத மாட்டேன். புலிகள் காப்பகத்துக்குள் ராத்திரி நம் இஷ்டத்துக்கு நுழைய முடியுமா? காளான் ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் ஒருவர் வனத்துறையில் அனுமதி வாங்கியிருந்தார். படம் எடுக்க ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார். முன்னால் நடந்தவர் காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த காவலர். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும். புது யானைச் சாணம் கண்ட இடத்தில் ஒரு தடவை திரும்பினோம்.

நாள் ஆனி அமாவாசை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் சனம் திரண்டுவிடும், காரையாற்றுப் பக்கம் இருட்டு ஏது?

எடுத்த விதத்தைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். கண் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருத்தர் செல்போனைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து. சாய்ந்து கிடந்த ஒரு மட்கிய மரத்தில் சுண்டுவிரல் நகத்தளவு குடைகள், வரிசையாக. முக்காலியை மண்ணோடு மண்ணாகத் தாழ்த்தி, டார்ச் வெளிச்சத்தில் கையால் ஃபோகஸ் பண்ணி, வளையம் நகராமல் டேப் ஒட்டினேன். அப்புறம் எல்லாம் இருட்டு. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, நாலு நிமிடம். படத்தில் விழுகிற புள்ளிகளைக் கேமரா கழிப்பதற்கு இன்னொரு நாலு நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேமராவின் பின்னால் மினுக்குகிற சின்ன விளக்கின் மேல்கூடக் கறுப்பு டேப். சாரல் ஈரத்தில் லென்ஸ் பனிக்கும், துடைத்தால் ஃபோகஸ் போகும். நடுவில் ஒரு மின்மினி குறுக்கே போனால் படம் முழுக்கக் கோடு. இந்த நேரமெல்லாம் அட்டைக்கு நாம் விருந்து. காவலர் கொடுத்த புகையிலையைக் காலில் தேய்த்துக்கொண்டேன், பாதிதான் பலித்தது.

இது மைசீனா வகை என்றார் பேராசிரியர். எந்த இனம் என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்வாராம். லூசிஃபெரின் என்ற பொருள் காளானுக்குள் ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது, சூடு கிடையாது. அதற்கான மரபணுக்களை 2018-இல் கண்டுபிடித்து, 2020-இல் புகையிலைச் செடிக்குள் வைத்துச் செடியையே ஒளிர வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் அதைக் காலில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்!

எதற்காக ஒளிர்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சண்டை. பிரேசிலில் 2015-இல் பொம்மைக் காளான் செய்து உள்ளே பச்சை விளக்கு வைத்துப் பார்த்தார்கள். விளக்கில்லாததைவிட விளக்குள்ளதில் பூச்சிகள் அதிகம் ஒட்டின. வித்துகளைப் பரப்ப ஆள் கூப்பிடுகிறது என்றார்கள். சரி. ஆனால் அதே மரத்தில் பட்டை பெயர்ந்த இடத்தில், காளானே முளைக்காத வெறும் பூஞ்சை இழைகளும் ஒளிர்ந்ததை நான் பார்த்தேன். அது யாரைக் கூப்பிடுகிறது? பேராசிரியர் சிரித்தார். சில வகைகளில் உடம்புக்குள் நடக்கிற வேறு வேலையின் உபரியாகவே வெளிச்சம் வரலாம் என்றார். எனக்கு அந்தப் பதில்தான் சரியாகப் படுகிறது. எல்லாவற்றுக்கும் காரியம் இருக்க வேண்டுமா என்ன?

மாஞ்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. நம்மோடு படித்தவர்களின் வீடுகளும் அதில் உண்டு. வந்தால் சொல்கிறேன்.

ஐப்பசியில் பேராசிரியர் திரும்பவும் அனுமதி கேட்கப்போகிறார். உன் பெயரையும் சேர்க்கச் சொல்லவா? கால் சரியானால் மட்டும். அப்படி வந்தால் உங்கப்பாவின் பழைய 50 எம்எம் லென்ஸைக் கொண்டு வா, எஃப் 1.4. அது இன்னும் அகலமாகத் திறக்கும், அது இருந்தால் நாலு நிமிடம் ஒரு நிமிடமாகிவிடும்.

அன்புடன்,
முத்து