திரும்பி வரும்போது தூக்கிவர ஒரு பை

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பைகளின் படத்தையும் தம்பி காட்டினான். குரல் பதிவிலேயே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியவள் மகள் நியூசிலாந்து மலையில் மான் வேட்டைக்குப் போகிறாளாம், அதற்கு எந்தப் பை என்று பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் கேட்கிறாளாம். சரி, கேட்டுவிட்டாய், எழுதியே சொல்கிறேன்.

முதலில் அந்த 20 லிட்டர் பையை மறந்துவிடு. காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற ஒரு நாள் வேலைதானே என்று கணக்குப் போட்டிருக்கிறாய். போகும்போது அது போதும்தான். தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ, அப்புறம் மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, சாப்பாடு, கத்தி, நெற்றிவிளக்கு. மான் விழுந்த பிறகு என்ன செய்வாய்? எலும்பை நீக்கினாலும் 30 கிலோ கறி வரும் என்று நீதானே சொன்னாய். இரண்டு பேர் பிரித்துக்கொண்டாலும் ஆளுக்குப் பதினைந்து. பையை வாங்கும்போது வருகிற வழியை நினைத்து வாங்கு.

உன் அப்பா காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனதெல்லாம் நீ கைக்குழந்தையாக இருந்தபோது. துப்பாக்கி லைசென்ஸ் இன்னொருவருக்கு. சுடுவது அவர், தூக்குவது இவர். உரச்சாக்கில் கயிறு கட்டி முதுகில் மாட்டிக்கொள்வார். ஒரு தடவை தொடைக்கறி சாக்குக்குள் ஒரு பக்கமாகச் சரிய, வாய்க்கால் பலகையில் கால் வைத்த மனுஷனை அப்படியே இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது இரண்டு தோளிலும் கயிறு பதிந்து கத்தரிக்காய் நிறம். கையைத் தூக்க முடியவில்லை. சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். கறி ருசியாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோளில் சுமப்பது என்னவென்று எனக்கும் தெரியும். தோளில் வைக்கும் காண்டாக்கம்பின் இரண்டு முனையிலும் வாளி வாளியாக ரப்பர் பாலைத் தொங்கவிட்டு, தோட்டத்துப் பால் ஸ்டோருக்கு நடந்த வலது தோள் இன்றைக்கும் மழைக்கு வலிக்கிறது. ஆனால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தீமிதி முழுக்க நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. அதனால் பையில் முதலில் பார்க்க வேண்டியது இடுப்புவார். அகலமாக, உள்ளே பஞ்சு வைத்து, இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் இல்லை. நீ அனுப்பிய பச்சைப் பையில் இருப்பது வெறும் நாடா. பெண்களுக்கென்றே முதுகு நீளம் குறைத்து, இடுப்புவாரின் வளைவை மாற்றித் தைத்த பைகளும் வருகின்றன. கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. 10, 15 கிலோ போடச் சொல்லி, படியில் ஏறி இறங்கிப் பார்.

மூன்றாவது படத்தில் இருந்த பை எனக்குப் பிடித்திருக்கிறது. முதுகில் நிற்கும் சட்டம் (ஃப்ரேம்) தனி, பை தனி. நடுவில் கறியை வைத்து வாரால் இறுக்கிவிடலாம். பாரம் முதுகோடு ஒட்டி நிற்கும், சரியாது. அன்றைக்கு அப்பாவிடம் இது இருந்திருந்தால்! 30 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் பரவாயில்லை, சும்மா இருக்கும்போது பக்கத்து வார்களை இழுத்து ஒடுக்கிக்கொள்ளலாம்.

தையலைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். என்னிடம் வரும் பைகளில் துணி கிழிந்து வருவது குறைவு. தோள்வார் மேலே சேரும் இடம் பிய்ந்துதான் வரும், இல்லையென்றால் ஜிப் பல் விட்டிருக்கும். வார் சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பார். அப்புறம் துணியை நகத்தால் சுரண்டு. சரசரவென்று சத்தம் வந்தால் மான் காதுக்கு உன்னை அதுவே காட்டிக்கொடுக்கும். வெல்க்ரோ ஒட்டிய பாக்கெட்டும் அப்படித்தான், பிரிக்கும்போது காடே திரும்பிப் பார்க்கும்.

நிறம் பச்சையாக இருக்கட்டும், ஆனால் மேலே ஒரு ஆரஞ்சு உறை போட்டுக்கொள். ஆரஞ்சு மானின் கண்ணுக்கு உறுத்தாதாம், மனிதன் கண்ணுக்கு உறுத்தும். மான்கறியைச் சுமந்து புதருக்குள் நடக்கும்போது வேறு எவனாவது உன்னையே மான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆபத்துக்கு அழைக்கும் கருவியைப் பைக்குள் வைக்காதே. பை ஒரு பக்கம் உருண்டுவிட்டால் நீ ஒரு பக்கம் கிடப்பாய், உடம்போடு கட்டிக்கொள். இங்கே வனவிலங்குத் துறை பெர்ஹிலித்தான் தரும் லைசென்ஸ் மாதிரி அங்கேயும் அரசாங்க அனுமதி வேண்டும் என்றாயே, வாங்கிவிட்டாயா?

கறியை மட்டும் பிளாஸ்டிக்கில் கட்டாதே. சூடு வெளியே போகாமல் கெட்டுவிடும். மெல்லிய பருத்தித்துணியில் சுருக்குக் கயிறு வைத்து நான்கு பை தைத்து அனுப்புகிறேன், துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். இரண்டு ஏற்கெனவே ஆகிவிட்டது.

தலையைக் குனி, பிடரியில் ஒரு எலும்பு துருத்தும். அதிலிருந்து இடுப்பு எலும்பின் மேல்மட்டம் வரை முதுகை ஒட்டி அளந்து, அங்குலத்தில் அனுப்பு. அந்த மூன்றாவது பை உனக்குச் சரியாக வருமா என்று தம்பியை வைத்துக்கொண்டு நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அதுவரைக்கும் காசைக் கட்டிவிடாதே.

அம்மா