அண்ணிக்கு ஒரு கடிதம்: எடை குறைக்க கோச் வேண்டுமா?

அன்புள்ள அண்ணிக்கு,

எடை குறைக்க ஒரு கோச்சிடம் சேரலாமா, அதற்கு அவ்வளவு பணம் கொடுப்பது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிற பதில் இல்லை இது. இதே யோசனையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால், உங்கள் பெயரைப் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டேன். நீங்களும் சரி என்றீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுக்கலாம். டயட் சார்ட்டுக்காகக் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம். வாரா வாரம் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, இந்த வாரம் எப்படிப் போனது, எங்கே சிக்கியது என்று கேட்டு, அடுத்த வாரம் என்ன மாற்றலாம் என்று உங்களோடு உட்கார்ந்து யோசிப்பதற்காக என்றால் கொடுக்கலாம். அது மாதக் கணக்கில் விடாமல் நடக்க வேண்டும். நீங்கள் வாங்கப் போவது அந்தத் தொடர்பைத்தான்.

சார்ட்டை ஏன் இவ்வளவு லேசாக ஒதுக்குகிறேன் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடும் இன்னொரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த சாப்பாடும் பழக்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு குழு சராசரியாக 5.3 கிலோ குறைந்திருந்தது, மற்றது 6 கிலோ. கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. ஆனால் ஒரே குழுவுக்குள் இருந்தவர்களிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலர் ஆரம்பித்த எடையைவிடக் கூடிப்போனார்கள். யாருக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றும் சோதித்தார்கள். முடியவில்லை. 'உங்கள் மரபணுவுக்கு ஏற்ற பிரத்யேக டயட்' என்று ஒருவர் தனியாகப் பணம் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாட்டு முறை இல்லையென்றால் வேறு எது? 2009இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் 811 பேருக்கு நான்கு விதமான சாப்பாட்டு முறைகளைக் கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். அங்கேயும் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆலோசனைக் கூட்டங்களுக்கு அதிகம் வந்தவர்கள் அதிகம் குறைந்திருந்தார்கள். ஆர்வம் உள்ளவர்கள்தானே அதிகம் வருவார்கள் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில் இருக்கிறது. அங்கே யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள், ஆர்வத்துக்கு அதில் வேலையில்லை. 415 பேர். ஒரு குழுவுக்குக் கையேடு மாதிரி தகவல்களைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். இன்னொரு குழுவுக்கு கோச் போனில் பேசினார். மூன்றாவது குழுவுக்கு நேரிலும் சந்திப்பு. இரண்டு வருடம் கழித்து, தானாகப் பார்த்துக்கொண்டவர்கள் குறைத்தது 0.8 கிலோ. போன் குழு 4.6. நேரில் சந்தித்த குழு 5.1.

இதில் இரண்டு விஷயம் உங்களுக்கு உதவும். கோச் இருப்பது உண்மையாகவே பலன் தருகிறது, அது ஏமாற்று வேலை இல்லை. அடுத்தது, போனில் பேசும் கோச்சும் நேரில் பார்க்கும் கோச்சும் கிட்டத்தட்ட ஒரே பலன் தருகிறார்கள். ஆகவே நேரில் வருவதற்கென்று கூடுதல் கட்டணம் கேட்டால் அதைத் தைரியமாக மறுக்கலாம்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் பேச வேண்டும். நீங்கள் பார்த்த இடத்தில் ஆறு மாதத்தில் 20 கிலோ என்று சொல்லியிருக்கிறார்கள். மேலே உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் நடத்திய ஆய்வுகளிலேயே சராசரி ஐந்து, ஆறு கிலோதான். அது குறைச்சல் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. அதில் ஒரு குழுவுக்கு உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது, இவைதான் இலக்கு. அந்தக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோச் இருந்தார், முதல் ஆறு மாதத்தில் 16 சந்திப்புகள். மூன்று வருடத்துக்குள் அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம்தான். இத்தனைக்கும் கோச் குழுவில் குறைந்த சராசரி எடை 5.6 கிலோ. கண்ணாடியில் பெரிதாகத் தெரியாத அந்தக் கிலோக்கள் உடம்புக்குள் அவ்வளவு வேலை செய்கின்றன. அதனால் ஐந்து கிலோ என்று சொல்லி உங்களைச் சேர்க்கிறவரை நான் நம்புவேன்.

'முதல் வாரத்திலேயே நான்கு கிலோ' என்று யாராவது சொன்னால் அதுவும் அந்த 20 கிலோ பேச்சு மாதிரிதான், நம்பாதீர்கள். சாப்பாட்டை, அதிலும் மாவுச்சத்தை, சட்டென்று குறைத்தால் உடம்பில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சத்து கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதுவும் கூடவே வெளியேறுகிறது. இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் சில நாளில் திரும்பிவிடும். மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்தும் உண்டு. வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ என்பது நிதானமான வேகம்.

அண்ணி, பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை ஏறும். ஸ்டீராய்டு, மனநலத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள், இன்சுலின் இவையும் எடையை ஏற்றக்கூடியவை. காரணம் அங்கே இருந்தால் எந்த கோச்சும் அதைச் சரிசெய்ய முடியாது. நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வேறு. சில மாத்திரைகளோடு சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு என் முறையைப் பின்பற்றுங்கள் என்று ஒரு கோச் சொன்னால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கே விலகிவிடுங்கள். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் அதே டாக்டரிடம் கேட்கலாம். சிலருக்கு அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவற்றை எழுதிக்கொடுக்கும் வேலை கோச்சுடையது இல்லை.

கோச் இல்லாமலேயே குறைப்பவர்களும் உண்டு. நிறையக் குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994இலிருந்து இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடம் காப்பாற்றியவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எந்தத் திட்டத்திலும் சேராமல் தாமாகவே குறைத்தவர்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன் சில வாரம் நீங்களே செய்து பாருங்கள். சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள், வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எழுதுவது விடாமல் நடந்து, எடையும் மெதுவாக இறங்கினால் உங்களுக்கு இப்போதைக்கு யாரும் தேவையில்லை. கொஞ்ச நாளில் நோட்டை மூடி வைத்துவிட்டீர்கள் என்றால், கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாததுதான் குறை என்று தெரிந்துவிடும். அந்த இடத்துக்குத்தான் கோச்.

எழுதியும் எடை இறங்கவில்லை என்றாலும் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் இறங்கவில்லை என்று சொன்னவர்களை வைத்து 1992இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. உடல் உண்மையில் செலவிடும் ஆற்றலைத் துல்லியமாக அளந்து பார்த்தபோது, அவர்கள் சொன்ன கணக்கு உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாயில் போட்டுக்கொண்டது, மிச்சம் வீணாகுமே என்று சாப்பிட்டது எதுவும் நினைவில் நிற்பதில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். நல்ல கோச் உங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நான்கிலிருந்து எட்டு மணி வரைக்கும் ஒன்றுமே எழுதவில்லையே, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று அன்பாகக் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குக் காசு கொடுக்கலாம்.

அண்ணனே கேட்கட்டுமே என்று தோன்றலாம். வேண்டாம். அண்ணன் நல்லவர், உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். இருந்தாலும் நீங்கள் ராத்திரி எழுந்து சாப்பிட்டதை வீட்டு ஆளிடம் சொல்வது ஒன்று, வெளி ஆளிடம் சொல்வது வேறு. வீட்டில் அந்தப் பேச்சு வேறு பத்துப் பேச்சுகளோடு கலந்துவிடும். சாப்பிடும்போது உங்கள் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பது உறவுக்கு நல்லதில்லை.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அதனால் சத்துணவுத் துறையில் என்ன படித்திருக்கிறார், எங்கே பயிற்சி பெற்றார் என்று நேரடியாகக் கேளுங்கள். படித்த டயட்டீஷியன் ஒருவரே வாரா வாரம் பேசத் தயார் என்றால் என் ஓட்டு அவருக்குத்தான். புகைப்படங்களைக் காட்டினால், மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசிவரை எத்தனை பேர் இருந்தார்கள், ஒரு வருடம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பவுடர், மாத்திரை என்று ஏதாவது விற்கிறாரா என்று பாருங்கள். விற்பனையில் கமிஷன் வாங்குகிறவர் உங்களுக்குச் சொல்லும் ஆலோசனையில் எது உங்களுக்காக, எது கமிஷனுக்காக என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது அவர் பேசும் விதம். சேர்வதற்கு முன் ஒரு முறை பேச வாய்ப்புக் கேளுங்கள். 'இரண்டு வாரம் என்னால் எதுவுமே செய்ய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது என்னிடம் என்ன சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். மன உறுதி வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது என்று பிரசங்கம் ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அந்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். சில இடங்களில் எல்லோருடைய எடையையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ஏறினவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அப்படி அவமானப்பட்டவர் அடுத்த வாரம் எடை பார்க்கவே போக மாட்டார், மறைக்கத்தான் கற்றுக்கொள்வார். உங்களை அந்த நிலையில் நினைத்துப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எல்லோரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு. குறைந்த பிறகு என்ன? எடை இறங்கியதும் பசி கூடுகிறது, உடம்பு ஆற்றலைச் செலவிடுவதும் குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த ஓர் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த முடிவு 2016இல் வந்தது. அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டிய அளவைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் குறைத்த அளவும் வேகமும் அசாதாரணம்தான். என்றாலும் திரும்ப ஏறுவது சோம்பலால் மட்டும் இல்லை என்று அதிலிருந்து புரிகிறது. அந்தக் காலத்தில் சிறு துணைகூட உதவுகிறது. ஏற்கெனவே எடை குறைத்திருந்த 1,032 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. மாதம் ஒரு முறை சில நிமிடம் ஒருவர் பேசிய குழுவுக்கு, இரண்டரை வருடத்தில் சராசரியாக 4 கிலோ திரும்ப ஏறியது. தனியாக விடப்பட்டவர்களுக்கு 5.5 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சில நிமிடப் பேச்சுக்கு அது நல்ல பலன். எனவே இலக்கை எட்டிய பிறகு மாதம் ஒரு முறை பேசுவீர்களா, அதற்கு என்ன கட்டணம் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒரு வருடப் பணத்தை மொத்தமாக இன்றே கட்டினால் தள்ளுபடி என்று நீங்கள் பார்த்த இடத்தில் சொன்னார்கள் இல்லையா, அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்கு எழுத்தில் எதுவும் தரவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு அதுவே போதும். மாதாமாதம் கட்டுகிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் ஒருவரைத் தேடுங்கள். மூன்று மாதம் பாருங்கள். வாரா வாரம் அவர் பேசுகிறாரா, நீங்கள் மறைக்காமல் சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத் தொடர்வதா என்று முடிவெடுங்கள். மூன்று மாதத்தில் எடை இரண்டு கிலோதான் இறங்கியிருந்தாலும், இந்த இரண்டும் சரியாக இருந்தால் நான் தொடரத்தான் சொல்வேன். கடன் வாங்கியோ நகையை வைத்தோ கட்ட வேண்டியிருந்தால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கவலை ஒன்றே தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

டாக்டரைப் பார்த்த பிறகு எந்த நாளில் அவர்களோடு பேசப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நானும் லைனில் இருக்கிறேன். மறுத்துப் பேச உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும், பணத்தைப் பற்றிய கேள்விகளை நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்