அம்மாவுக்குப் படிக்கும்போது ஒரு பத்தியை விட்டுவிடு

கால்கரி,
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போட்டோவைப் பார்த்துவிட்டு "மூஞ்சி ஏன் இப்படிக் கருத்துக் கிடக்கு?" என்று அம்மா கேட்டாளாமே. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அப்படி. கண்ணாடி மறைத்த இடம் மட்டும் பழைய நிறம்.

மூன்று நாள் ரோஜர்ஸ் கணவாய்க்குப் போயிருந்தேன். பிரிட்டிஷ் கொலம்பியா, காரில் நாலு மணி நேரம். பனிச்சறுக்கு என்றதும் கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே போவது என்று நினைப்பாய். இதில் அதெல்லாம் கிடையாது, சறுக்குப் பலகையோடு நாமே ஏற வேண்டும். பலகைக்கு அடியில் 'ஸ்கின்' என்று ஒரு பட்டையை ஒட்டுவார்கள். ஆட்டு முதுகை வால் பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிராகத் தடவினால் முரண்டும் இல்லையா? அதேதான். முன்னே தள்ளினால் நழுவும், பின்னே வழுக்காது. நல்ல ரகத்தில் அங்கோரா ஆட்டு மயிரே இருக்கிறது! பூட்ஸின் நுனி மட்டும் பலகையில் மாட்டியிருக்கும், குதிகாலைத் தூக்கித் தூக்கி நடக்கலாம்.

நடப்பது சுலபம், திரும்புவதுதான் பாடு. செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, மற்ற காலைக் கொண்டுவர வேண்டும். கிக் டர்ன் என்கிறார்கள். எனக்குப் பலகையின் முனை பனியில் சிக்கி, ஆமை மாதிரி மல்லாந்து கிடந்தேன். "காலை இழுக்காதே, குதிகாலை உதறு" என்றார் வழிகாட்டி அம்மா. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது.

அடுத்த பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே.

பனிச்சரிவு, அதாவது மலைமேல் இருக்கும் பனி மொத்தமாகச் சரிந்து விழுவது. ஆளுக்கொரு டிரான்ஸீவரை, சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் சின்னக் கருவியை, நெஞ்சோடு கட்டிக்கொள்கிறோம். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியில் அவர் சிக்னலைத் தேடிப் போய், நீளக் கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்ட வேண்டும். கால் மணி நேரம் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். பயிற்சிக்குப் புதைத்த பையை எடுக்க எனக்கு 11 நிமிடம் ஆனது. கண்டுபிடிக்க மூன்று, மிச்சமெல்லாம் தோண்டவே. இதே கணவாயில் 1910 மார்ச் 4 அன்று, தண்டவாளத்தில் விழுந்த பனியை அள்ளிக்கொண்டிருந்த 58 பேர் இன்னொரு பனிச்சரிவில் புதைந்து செத்துப்போனார்கள். பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதைக் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை. இப்போது நெடுஞ்சாலையை மூடிவிட்டு, ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது.

சரி, கடைசி நாள் நாலு மணி நேரம் ஏறினோம். உச்சிக்குக் கீழே வழிகாட்டி, பனி சரியுமா என்று தெரிந்துகொள்ளக் குழி வெட்டிப் பார்த்தார், திரும்பலாம் என்றார். இறங்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் மலையில் நடந்தேன் என்று சொல், பொய்யில்லை. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி