உன் தலைக்கு மேலே ஓடிய உத்திரம்

காரைக்குடி

ஆத்தா,

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசியபோது நான் 'உம், உம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, பாதிக்கு மேல் காதில் ஏறவில்லை. அதைக் கண்டுபிடித்து நீ கோபமாகப் போனை வைத்தது நியாயம்தான். உன் தலைக்கு மேலே ஒரு உத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளுத்த மரம், நூல் பிடித்த மாதிரி நேராக. நாற்பது வருஷமாக மரத்தோடு கிடக்கிறவன் கண் அங்கே போகாமல் வேறு எங்கே போகும்? போனில் சொன்னால் மறுபடியும் சண்டையில் முடியும். அதனால் எழுதுகிறேன். நம் பட்டறைப் பையன் இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பி வைப்பான்.

அன்று ராத்திரியே உன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீ படிக்கிற கட்டடத்தை யூடியூபில் தேடச் சொன்னேன். காயா என்று பேராம். கிரேக்க நாட்டுப் பூமாதேவியின் பேர் அது என்றான். அப்பத்தா காதில் விழுந்ததும், "காயா, பழமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள். அதற்கு இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை.

ஆறு மாடி, 220 மீட்டர் நீளம், 43,500 சதுர மீட்டர். அடிக்கணக்கில் மாற்றிப் பார்த்தேன், 4 லட்சத்து 68 ஆயிரம் சதுர அடி வருகிறது. செலவு 12.5 கோடி சிங்கப்பூர் டாலர். 2023இல் திறந்தபோது ஆசியாவிலேயே பெரிய மரக்கட்டடம் என்று சொல்லியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் டோயோ இட்டோ என்ற ஜப்பான்காரர். கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசை 2013இல் வாங்கியவர். போன தீபாவளிக்கு நீ செருப்பு வாங்கினாயே விவோசிட்டி, அதுவும் அவர் வரைந்ததுதான்.

எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது, மரத்தில் கட்டிவிட்டு மரத்தை மறைக்காமல் விட்டது. நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? நல்ல தேக்கைப் போட்டுவிட்டு அதன் மேல் பெயிண்ட் அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் மேலே ஜிப்சம் பலகையை அடித்து மூடிவிடுகிறார்கள். அங்கே தூண், உத்திரம், கைப்பிடி, பெஞ்சு, கதவு நிலை எல்லாம் ரேகை தெரிய நிற்கின்றன. ஆனால் ஒரு குறை. இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு பூ, ஒரு கிளி, ஒரு யாளி கிடையாது. மொழுமொழுவென்று இருக்கிறது. உன் ஐயா, அதுதான் என் அப்பா, பார்த்திருந்தால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று உளியை எடுத்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது பலகைகளைப் பசை வைத்து ஒட்டிய ஒட்டு மரம் என்று தெரிந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒட்டு மரத்தைப் பற்றி நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும். நம் சமையலறை அலமாரி ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உப்பியதும், அம்மா இரண்டு வருஷம் என்னைக் குத்திக்காட்டியதும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கே பிளைவுட்டைக் கையால் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். வீடு கட்டுகிறவர்களிடமும் அதையேதான் சொல்லி வந்தேன். பசை மனிதன் காய்ச்சியது, மரத்தின் வைரம் சாமி கொடுத்தது என்று வசனம் வேறு பேசுவேன்.

உங்கள் கட்டடத்தில் இருப்பது இரண்டு வகை. தூணுக்கும் உத்திரத்துக்கும் பலகைகளை ரேகை ஒரே பக்கம் ஓடும்படி அடுக்கி, ஒட்டி, அழுத்துகிறார்கள். அதற்கு குளுலாம் என்று பேர். தளத்துக்கும் சுவருக்கும் ஒரு வரிசை நெடுக்கு, அடுத்த வரிசை குறுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். அது சி.எல்.டி. பிளைவுட்டின் யோசனைதான், ஆனால் தோலாகச் சீவாமல் பலகை பலகையாக வைக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கேள். ஐப்பசியில் நம் வீட்டு வாசற்கதவு இறுகிக்கொள்ளும், நீ தோளால் இடித்துத் திறப்பாய். மரம் ஈரம் குடித்தால் அகலத்தில்தான் உப்பும், நீளத்தில் கடுகளவுகூட வளராது. குறுக்கே இன்னொரு பலகையை ஒட்டிவிட்டால், அதன் நீளம் இதன் அகலத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒன்றுக்கொன்று காவல். நம் அலமாரி கெட்டதற்குக் காரணம் ஒட்டியது இல்லை, மட்டமான பசையும் மூடாமல் விட்ட விளிம்பும்தான். இத்தனை வருஷம் பிளைவுட்டைத் திட்டியவன் இதை இப்போதுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி தடிமனில் ஒரே மரமாக வேண்டும் என்றால் இன்று எங்கே போவது? காட்டில் கிடையாது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில்தான் கிடைக்கும், அதுவும் ஏதாவது ஒரு பெரிய வீட்டை இடித்தால். ஒட்டுகிற வேலையில் சின்னப் பலகை போதும். சின்னப் பலகை சீராகக் காயும். வெடிப்பு இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு நல்லதை மட்டும் சேர்க்கலாம். முழு மரத்தில் அந்த வசதி இல்லை. உள்ளே பொந்து இருப்பது வாளை வைத்த பிறகுதான் தெரியும். எத்தனை முறை அப்படி முதல் போட்டு ஏமாந்திருக்கிறேன்!

அந்த மரம் ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்திலிருந்து வந்தது. சிங்கப்பூரில் கட்டடம் கட்ட மரம் அங்கிருந்தா என்று உன் சித்தப்பா மகன் சிரித்தான். அவன் பிறந்ததே செட்டிநாட்டில் என்பதை மறந்துவிட்டான். இங்கே ஒவ்வொரு முகப்பிலும் நிற்கிற தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததுதானே. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு ஒரு மரம் தேற மூன்று தலைமுறை ஆகும். வெட்டித் தீர்த்துவிட்டோம். அந்தக் குளிர்நாட்டு மரங்களை வெட்ட வெட்ட நட்டு வளர்க்கிறார்கள்.

நான் கைதட்டியது ஒரு இடத்தில். தரைத்தளத்துத் தரை, வெளிப் படிக்கட்டு, கழிப்பறை இவை மட்டும் கான்கிரீட். சட்டம் அப்படிச் சொல்கிறதாம். சட்டம் சொல்லாவிட்டாலும் ஒரு ஆசாரி அதைத்தான் செய்வான். நம் பக்கத்துத் திண்ணைத் தூண் எதுவும் மண்ணில் நிற்காது, கல்லில்தான் நிற்கும். மரத்தின் காலில் ஈரமும் கரையானும் படக்கூடாது.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அம்மா பயந்தாள். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் முற்றம் வைத்த ஒரு வலவு வீட்டில் கட்டு ஒன்று எரிந்துபோனது. மறுநாள் உன் ஐயாவும் நானும் போனோம். கைமரம், பலகை எல்லாம் சாம்பல். பெரிய உத்திரம் மட்டும் கரிக்கட்டையாக அப்படியே மேலே நின்றது. ஐயா வாச்சியால் கரியைச் செதுக்கினார். ஒரு அங்குலத்துக்கு உள்ளே மரம் புதுசு மாதிரி, வாசனையோடு இருந்தது. தடித்த மரத்தில் மேலே படியும் கரியே உள்ளே இருப்பதற்குப் போர்வை. இப்போது என்ஜினியர்கள் எவ்வளவு கரியும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் சேர்த்துத் தடிமன் வைக்கிறார்களாம்.

ஏ.சி. கதையும் கேட்டேன். காற்றாடி வைத்து ஊதாமல், குழாயில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, குளிர்ந்த காற்று தானே கீழே இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். சத்தமில்லாத ஏ.சி. என்று நீ சொன்னது இதுதான் போலிருக்கிறது. வெயில் நேராக அடிக்காமல் வெளியே மரச்சட்டங்கள். கூரையில் சூரியத் தகடுகள், அதில் மின்சாரமும் கிடைக்கிறதாம். முற்றம் வைத்துக் கட்டிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

துண்டுகளை எல்லாம் தொழிற்சாலையிலேயே அறுத்துக் கொண்டுவந்து, அங்கே மாட்ட மட்டும் செய்திருக்கிறார்கள். பழைய வீட்டைப் பிரிக்கும்போது நானும் ஒவ்வொரு துண்டுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் போடுவேன், தெரியுமா? நீ சின்னப் பிள்ளையில் அந்த நம்பர்களை அழித்து விளையாடி, ஒரு முகப்பை முழுசாகக் குழப்பிவிட்டாய்.

இந்தத் தூசி உனக்கு வேண்டாம் என்றுதான் வணிகம் படிக்க அனுப்பினேன். போயும் போயும் மரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறாய்!

எனக்காக நீ மூன்று காரியம் செய்ய வேண்டும். உத்திரம் தூணில் சேருகிற மூட்டைக் கிட்டத்தில் போய்ப் படம் எடு. உள்ளே மரமே கோத்திருக்கிறதா, இரும்புத் தகடும் போல்ட்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்புறம், நல்ல மழை பெய்த மறுநாள், வெளிப்பக்கம் சாரல் படுகிற மரத்தை விரலால் தடவிப் பார். கருப்பாக ஏதாவது பிடித்திருக்கிறதா, பிசுபிசுப்பு இருக்கிறதா என்று சொல். வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில் குளிர்நாட்டு மரம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். மூன்றாவது, பக்கத்தில் வேவ் என்று விளையாட்டு மண்டபம் இருக்கிறதாமே, 72 மீட்டர் அகலக் கூரை, நடுவில் ஒரு தூண் இல்லை. அதற்குள் நின்று போனை மேலே தூக்கிக் காட்டு. மரத்தால் அப்படி முடியும் என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

வர்ற ஞாயிறு கூப்பிடும்போது, முதலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசு, பின்னால் எதுவும் தெரியாதபடி. பரீட்சையைப் பற்றி நீ சொன்னதை முதலிலிருந்து மறுபடியும் சொல். அப்பத்தாவும் பக்கத்தில் இருப்பாள். காயா, பழமா என்று அவளே கேட்பாள்.

அன்புடன்,
அப்பா