பியோனிக் கண்காட்சிக்குக் கமராவோடு மட்டும் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் மாதம் வந்தால் வார இறுதியில் எங்கே போகலாம் என்ற பட்டியலில் ஒஷாவா நகரின் பியோனிப் பூ விழாவையும் உங்கள் பத்திரிகை சேர்த்துக்கொள்கிறது. மகிழ்ச்சி. ஆனால் படம் எடுக்க வடிவான இடம் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஒஷாவா பள்ளத்தாக்குத் தாவரவியல் பூங்காவில் 300க்கு மேற்பட்ட பியோனி வகைகள் நிற்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். பியோனி ஆர்வலர்களின் மாநாடும் மலர்க் கண்காட்சியும் இதைவிடப் பெரிய விடயம். ஒரு மண்டபம் முழுக்க வெட்டிய பூக்கள் போத்தல்களில் வரிசையாக நிற்கும். நடுவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பரிசு வைப்பார்கள். அதன்பின் பேச்சுகள், தோட்டம் பார்க்கும் பயணம், கிழங்கு ஏலம். அமெரிக்க பியோனி சங்கம் 1903இல் தொடங்கியது, கனேடிய பியோனி சங்கம் 1998இல். ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் பழைய வீடு வாங்கிய நம்மவர் பலரின் பின்வளவில், முன்பு இருந்தவர் நட்டுவிட்டுப்போன பியோனி ஒன்று நிற்கிறது. அந்தப் பூவையும் போட்டி மேசைக்குக் கொண்டுபோகலாம் என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

முதலில் பலருக்கும் புதிராக இருக்கும் ஒன்று. அமெரிக்கச் சங்கத்தின் மாநாடு ஆண்டுக்கொரு நகரில் நடக்கும். தெற்கே இருந்து வருபவரின் தோட்டத்தில் பூ முடிந்து நாளாகியிருக்கும். ஒரே தோட்டத்திலும் கட்டைத் தண்டுள்ள மர பியோனி முந்திப் பூக்கும், கலப்பினங்கள் அதை ஒட்டி வரும், வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணும் லாக்டிஃப்ளோரா இனம் பிந்தி வரும். இத்தனையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் எப்படி விரிந்து நிற்கின்றன? மொட்டாக வெட்டிக் குளிரில் வைப்பதால்தான். இந்த ஒரு வேலை கைவந்தால் கண்காட்சிக்குப் பாதி தயார்.

ஆனால் வெட்டுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். லாக்டிஃப்ளோரா வகைகளில் ஒரு தண்டில் நுனி மொட்டோடு பக்க மொட்டுகளும் வரும். தனிப் பூவாகப் போட்டிக்கு வைப்பதென்றால் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே விரலால் ஒடித்துவிட வேண்டும். பிந்தி ஒடித்தால் தண்டில் வடு தெரியும். மேசையில் அந்த வடுவைத்தான் நடுவரின் கண் முதலில் பிடிக்கும். மழைக்கும் வெயிலுக்கும் பயந்து சிலர் மொட்டு நிறம் காட்டத் தொடங்கும்போதே மேலே காகிதப் பையைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். சிவப்பும் பவள நிறமும் வெயிலில் வெளிறாமல் இருக்க இது உதவும். பை நனைந்து மொட்டோடு ஒட்டிக்கொண்டால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த பையை மாற்றத்தான் வேண்டும்.

வெட்டும் பதம் வகைக்கு வகை மாறும். முழு அடுக்குப் பூக்களை மொட்டின் இறுக்கம் விட்டு, இரு விரலால் மெதுவாக அழுத்தினால் மார்ஷ்மெலோ இனிப்புப்போல மெத்தென்று கொடுக்கும்போது வெட்ட வேண்டும். கல்லுப்போல இருக்கும்போது வெட்டினால் பிறகு எந்தத் தண்ணீரில் வைத்தாலும் விரியாது. ஓரடுக்கும் ஜப்பானிய வகையும் அவ்வளவு பொறுக்காது. நிறம் நன்றாகத் தெரிந்து முதல் இதழ் அசையத் தொடங்கும் தறுவாயில் வெட்டிவிட வேண்டும். பவள நிற வகைகள் இன்னும் அவசரக்காரர்கள். காலையில் இறுக்கமாக இருந்தது மாலைக்குள் விரிந்துவிடும். தண்டை வெட்டும்போது செடியில் இரண்டு மூன்று இலைகளாவது மிஞ்சும்படி வெட்டுங்கள். ஒரு செடியின் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைகள்தான் கிழங்குக்கு அனுப்புகின்றன. பரிசுக்கு ஆசைப்பட்டுச் செடியை மொட்டையடித்தவர்கள் அடுத்த ஜூனில் வெறுங்கையோடு நிற்பார்கள்.

வெட்டியதைத் தண்ணீரில் வைக்கக் கூடாது. ஈரமில்லாமல் துடைத்து, மேல் இலை ஒன்றிரண்டை விட்டு மற்றதை நீக்கி, ஐந்தாறு தண்டை ஒன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்ரிக் உறை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிடையாக வைக்க வேண்டும். வழுவழுப்பான விளம்பரத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. உங்கள் பத்திரிகை அச்சாகும் சாதாரணத் தாளே இதற்கு மிகச் சிறந்தது! உள்ளே வியர்த்துத் துளி நின்றால் பொட்ரைற்றிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம் வந்து மொட்டைக் கறுப்பாக்கிவிடும். நாலைந்து நாளுக்கொருமுறை பிரித்துப் பார்த்து ஈரத் தாளை மாற்றுங்கள். பூ வளர்த்து விற்பவர்கள் 0 முதல் 1 பாகை செல்சியஸ் குளிரில் மூன்று நான்கு கிழமை வைத்திருப்பார்கள். வீட்டுப் பெட்டியின் குளிர் 3, 4 பாகைதான், ஆகவே இரண்டு கிழமைக்கு மேல் நம்ப வேண்டாம். கனிந்த பழம் எத்திலீன் வாயுவை விடும். மொட்டுக்கு அது கேடு. ஜூன் மாதத்தில் நம் வீட்டுப் பெட்டியில் மாம்பழம் இல்லாமல் இராது. ஒன்றில் மாம்பழம் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் பூவுக்குத் தனிப் பெட்டி வேண்டும். உறைபெட்டியை ஒட்டியோ பின்சுவரைத் தொட்டோ வைத்தால் இதழ் உறைந்து கண்ணாடிபோலாகும். அதை மீட்க வழி இல்லை.

காரில் கொண்டுபோகும்போது ஐஸ் பொதிகளை அடியில் போட்டு, துணி விரித்து, அதன்மேல் பூச் சுற்றிய பொதியைக் கிடத்துங்கள். மொட்டில் ஐஸ் முட்டக் கூடாது. போட்டிக்கு ஓரிரு நாள் முந்தியே போய்ச் சேர்வது அவசியம், ஏனென்றால் விரிய வைப்பதுதான் கைவித்தை. தண்டின் நுனியில் இரண்டு சென்ரிமீற்றர் சாய்வாக வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் பூ எழும். முழு அடுக்குக்கு ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை பிடிக்கும், ஓரடுக்குக்குச் சில மணி நேரம் போதும். விரிவது பிந்தினால் தண்ணீரின் சூட்டைச் சற்றே கூட்டலாம், முந்தினால் போத்தலோடு குளிரில் வைத்துவிடலாம். குளிர்ந்த இதழில் துளி விழுந்தால் கறை நிற்கும். ஆகவே தண்ணீர் தெளித்துப் பூவை உயிர்ப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எறும்பைத் தட்டி விடுங்கள். மொட்டின் புறவிதழில் சுரக்கும் தேனுக்குத்தான் அது வருகிறது. எறும்பு இல்லாவிட்டால் பியோனி விரியாது என்ற கதை பொய்.

மண்டபத்தில் அதிகம் பேர் தோற்பது பூவால் அல்ல, அதன் வகுப்பையும் பெயரையும் எழுதி வைக்கும் சீட்டால். லாக்டிஃப்ளோரா, கலப்பினம், மர பியோனி, இத்தோ (மர பியோனியும் செடி பியோனியும் கலந்தது) என்று முதலில் இனத்தால் பிரிப்பார்கள். பிறகு பூவின் அமைப்பால்: ஓரடுக்கு, ஜப்பானியம், அனிமனி, அரை அடுக்கு, பந்து வடிவம், முழு அடுக்கு. அதற்கும் கீழே நிறம். பூவைத் தவறான வகுப்பில் வைத்தால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் விலக்கிவிடுவார்கள். ஜப்பானியத்துக்கும் அனிமனிக்கும் இடையில்தான் குழப்பம் மிகுதி. பூவின் நடுவில் மகரந்தம் தாங்கும் கேசரம் ஒடுங்கிய இதழாக முழுதும் மாறியிருந்தால் அனிமனி. மாறியும் மாறாமலும் மகரந்தப்பையின் தடம் விளிம்பில் தெரிந்தால் ஜப்பானியம். ‘போல் ஒஃப் பியூட்டி’ என்ற வகையை விற்பனைப் பட்டியல்கள் சில இப்படியும் சில அப்படியும் எழுதுகின்றன. எந்தக் கண்காட்சியானாலும் அதன் விதிப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி வாசியுங்கள். பெயர் தெரியாத பூவைச் சில வகுப்புகளில் மட்டுமே சேர்ப்பார்கள். பழைய வளவுப் பூவின் பெயர் தெரியாவிட்டால், விரிந்த பூவையும் இலையையும் மண்டபத்துக்குக் கொண்டுபோய் அனுபவசாலிகளிடம் காட்டலாம். நடுவில் ஆங்காங்கே இரத்தச் சிவப்புத் தீற்றல் உள்ள வெள்ளை முழு அடுக்கு என்றால் 1851இல் வெளிவந்த ‘ஃபெஸ்டிவா மக்ஸிமா’வாக இருக்க வாய்ப்புண்டு. பெயரில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். ஒரே செடியைப் பல பெயரிலும் பல செடியை ஒரே பெயரிலும் அன்றைய வியாபாரிகள் விற்றதால்தான் அமெரிக்கச் சங்கமே தோன்றியது. கோர்னெல் பல்கலைக்கழக நிலத்தில் எல்லாவற்றையும் நட்டு ஒப்பிட்டுத்தான் அந்தச் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கினார்கள். 1974 முதல் பியோனிப் பெயர்களுக்கான உலகப் பதிவாளரும் அதே சங்கம்தான்.

போட்டியிடாமல் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: மேசை ஏமாற்றும். போத்தலில் நிமிர்ந்து நிற்கும் ‘சாரா பேர்ன்ஹார்ட்’ தோட்டத்தில் ஒரு மழை அடித்தால் தலை மண்ணில் முட்டக் கிடக்கும். ‘கோரல் சார்ம்’ பவள நிறத்தில் விரிந்து, நாளாக ஆக வெளிறிப் பாலாடை நிறமாகும். ஒரே வகையை இரு மேசையில் கண்டு இரண்டு வகை என்று எழுதிக்கொண்டு போவோர் உண்டு. ஆகவே பிடித்த பெயர்களைக் குறித்துக்கொண்டு, மாநாட்டோடு வரும் தோட்டப் பயணத்தில் அதே வகை செடியில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். தண்டின் பலமும் பூ முடிந்தபின் இலையின் தோற்றமும் அங்கேதான் தெரியும். இதற்காகவே அமெரிக்கச் சங்கம் தங்கப் பதக்கத்தோடு, நிலவனப்புத் தகுதி விருது என்று தனியாக ஒன்றையும் வைத்திருக்கிறது. படம் எடுப்பவர்கள் இதழைத் தொடாமல் எடுங்கள். விரல் பட்ட இடம் பழுப்பாகும், அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர்.

ஏலத்தில் கை தூக்கும் முன் இத்தோ வகையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். தொய்ச்சி இத்தோ என்ற ஜப்பானியர் 1948இல் மர பியோனியின் மகரந்தத்தை, குளிர்காலத்தில் தண்டு மடியும் செடி பியோனியில் சேர்த்து விதை எடுத்தார். பூவைக் காணாமலே 1956இல் காலமானார். மஞ்சள் பூவும் சாயாத தண்டும் அந்தக் கலப்பின் பேறு. ‘பார்ட்செல்லா’ என்ற இத்தோ வகை ஒரு காலத்தில் பல நூறு டொலருக்கு விற்றது, இன்று நாற்றுக்கடையிலேயே கிடைக்கிறது. ஏலத்தில் அதற்காகப் போட்டி போடாமல், கடையில் கிடைக்காத வகைக்குப் பணத்தை வையுங்கள். கிழங்கு பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் கைக்கு வரும். அமெரிக்காவில் வாங்கியதைக் காரில் போட்டு எல்லை தாண்ட முடியாது. தாவர நலச் சான்றிதழ் வேண்டும், மண் ஒட்டியிருக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து கண் (முளைவிடும் மொட்டு) உள்ள, இறுகிய, நாற்றமில்லாத கிழங்கைச் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்ரோபர்வரை நடலாம். செடி பியோனியின் கண் மண்ணுக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஒட்டுக்கட்டிய மர பியோனி மட்டும் விலக்கு: ஒட்டு 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால்தான் மேல்பாகம் சொந்த வேர் விடும்.

இலை செழித்தும் பூக்காமல் நிற்கும் பழைய செடிக்கும் பெரும்பாலும் இதுவே நோய்: கண் ஆழத்தில் புதைந்திருக்கும், அல்லது பக்கத்து மேப்பிள் வளர்ந்து வெயிலை மறைத்திருக்கும். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் வழிந்து வருவது இன்னொரு காரணம். செப்டெம்பரில் கிளப்பி, பிரித்து, ஆறு மணி நேர வெயில் படும் இடத்தில் மேலாக நட்டால் மூன்றாம் ஆண்டில் முழுப் பூ காணலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்காட்சிகளின் நாள், இடம், விதிப் பட்டியல் கிடைக்கும் முகவரி ஆகியவற்றை விழா நடக்கும் கிழமையில் போடாமல் மே முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள். பக்க மொட்டு பட்டாணி அளவில் இருப்பது மே நடுப்பகுதியில்தான். ஜூனில் அறிவிப்பைப் பார்ப்பவர்கள் பார்வையாளராக மட்டுமே போக முடியும்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர்கள் சிலர்,
ஏஜக்ஸ், ஒன்ராறியோ.