மானிட்டாலில் பிடித்த கஞ்சம்

காரைக்குடி,
மார்கழி 20.

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் மகள் திருமணத்திலிருந்து திரும்பியபின் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறுதான். இங்கே அனைவரும் நலம். ஆத்தாவுக்கு மட்டும் முழங்கால் வலி.

ஆய்வகத்தில் நீ எனக்குச் சூட்டிய ‘கண்ணளவுக் கணக்கப்பிள்ளை’ என்ற பட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. இந்த மாதத் தொடக்கத்தில் என் முலாம் பட்டறையின் 400 லிட்டர் நிக்கல் முலாம் தொட்டியில் போரிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். 2 மில்லி கரைசலில் புரோமோகிரசால் பர்ப்பிள் என்ற நிறங்காட்டியை விட்டு, மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைப் போட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடாக் கரைசலை இறக்கினால், 9 மில்லியிலேயே பச்சை ஊதாவுக்கு மாறிவிட்டது. இறங்கிய ஒவ்வொரு மில்லி சோடாவும் தொட்டியில் லிட்டருக்கு 3.09 கிராம் அமிலத்தைக் காட்டும் என்று கணக்கிட்டால் லிட்டருக்கு 28 கிராம்தான். 40 இருக்க வேண்டுமே என்று பதறி, சரக்கு கொடுத்தவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே, ஏறத்தாழ 5 கிலோவைக் கொட்டினேன்.

மறுநாள் விடியற்காலை, மார்கழிக் குளிரில் ஆறிக்கிடந்த தொட்டியின் அடியிலும் நிக்கல் ஆனோடுகளை மூடியிருக்கும் துணிப்பைகளின் மேலும் பளபளவென்று படிகங்கள் அப்பியிருந்தன. 20 டிகிரியில் லிட்டர் தண்ணீரே 47 கிராமுக்கு மேல் ஏற்காது. நானோ 52 கிராமுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஆம், முதலிலேயே 40 கிராம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

குற்றம் மானிட்டால் விலையை நினைத்து அரைக் கரண்டியோடு நிறுத்திய என் கையினுடையது. போரிக் அமிலம் எவ்வளவு சோம்பேறி என்பது உனக்குத் தெரியும். அதன் பிகேஏ (அமில வலுவின் அளவு, எண் குறையக் குறைய வலு கூடும்) 9.24, தனியாக விட்டால் நிறமாற்றம் கூர்மையாகத் தெரியாது. மானிட்டாலின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில்கள் போரானைப் பற்றிக்கொண்டால்தான் அது புரோட்டானைத் துணிந்து கைவிடும். மானிட்டால் தாராளமாக இருந்தால் பிகேஏ 5 அளவுக்கு இறங்கிவிடும். போதாவிட்டால் பாதி அமிலம் ஒளிந்துகொள்ள, நிறம் மட்டும் முந்திக்கொண்டு மாறிவிடும். நிறம் மாறியபின் இன்னொரு சிட்டிகை போட்டுப் பார்த்திருந்தால் பச்சை திரும்பியிருக்கும், எனக்கும் உண்மை தெரிந்திருக்கும். 1953 முதல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்தேன் என்பதை வெளியில் சொல்லிவிடாதே!

இப்போது சார்பிட்டாலுக்கு மாறிவிட்டேன். பற்பசைக்காரர்கள் வாங்கும் அதே 70 சதவீதப் பாகு. விலையும் குறைவு, தண்ணீரோடு உடனே கலந்துவிடுகிறது. பாகிலேயே புளிப்பு இருக்கிறதா என்று முதலில் வெறும் பாகுக்குச் சோடா இறக்கிப் பார்த்து, அதைக் கழித்துக்கொள்கிறேன். பால் பணியாரத்துக்கு வாங்கும் சீனியைப் போட்டால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாது, அது போரானைப் போதிய அளவு பிடிப்பதில்லை.

அள்ளிய படிகங்களைத் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். அளவு குறையும்போது தொட்டிக்குள் தொங்கவிடலாம். நம் முகப்பில் கிடக்கும் கேரம் பலகையில் தூவும் பொடியும் போரிக் அமிலம்தானே என்று இதைக் கேட்டுவிடாதே, அதில் நிக்கல் பச்சை ஏறியிருக்கிறது. நீ ஆட்டத்தில் ஏமாற்றுவதற்குப் புதுப் பொடியே வாங்கித் தருகிறேன், பொங்கலுக்கு வா.

உன்,
அண்ணாமலை