கழுவிப் போகும் ‘பொலிவு’: பாடிவாஷ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடிவாஷ் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்களைப் போன்றோருக்கு ஒப்பந்த அடிப்படையில் பார்முலேஷன் (எந்தப் பொருளை எவ்வளவு கலப்பது என்னும் தயாரிப்புக் கலவை) செய்து தரும் ஆய்வகமொன்றில் பணிபுரிகிறேன். அண்மையில் எங்களுக்கு வந்த ஆர்டர் ஒன்றே இம்மடலுக்குக் காரணம். தோலுக்குப் பொலிவு தருவதாகச் சொல்லப்படும் நியாசினமைடு, கோஜிக் அமிலம், வைட்டமின் சி ஆகிய மூன்றின் பெயரும் பாட்டிலின் முகப்பில் பெரிதாக வர வேண்டுமாம். உள்ளே ‘பேருக்குக் கொஞ்சம்’ இருந்தால் போதுமாம்.

நியாசினமைடு தோலில் நிறமி பரவுவதைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பலன், 2 முதல் 5 விழுக்காடு வரை அது சேர்ந்த, தோலிலேயே தங்கும் கிரீம்களை வாரக்கணக்கில் பூசியபோது கண்டறியப்பட்டது. நீரில் எளிதாகக் கரையும் அப்பொருளை, அழுக்கை நீரோடு அகற்றுவதற்கென்றே அமைந்த நுரைக்குள் கலந்து ஒரு நிமிடத்தில் கழுவிவிட்டால், பொலிவு பெறுவது குளியலறைச் சாக்கடைதான். வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமோ தோலுக்குள் இறங்க, கலவையின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 3.5-க்கும் கீழே இருக்க வேண்டும். நீரில் நாளடைவில் பழுப்பேறவும் செய்யும். அந்த அளவு அமிலத்தன்மையில் நியாசினமைடு மெல்லச் சிதைந்து, தோலைச் சிவக்கவைக்கும் நிக்கோட்டினிக் அமிலமாகலாம். கழுவும்போது படியும் பாலிமர்களைச் சேர்த்து எண்ணெய்த் துளிகளைத் தோலில் ஓரளவு நிறுத்தலாம். நீரில் கரைந்த பொருளை அவ்வாறு நிறுத்துவது எளிதன்று.

இவையெல்லாம் உங்கள் ஆய்வுப் பிரிவினர் அறிந்தவையே. அறியாதவர்கள் வாங்குபவர்கள். பலன் தெரியாததால் அவர்கள் நுரையைக் கழுத்திலும் அக்குளிலும் கால் மணி நேரம் ஊறவைத்து, நாரால் தேய்க்கிறார்கள். எரிச்சலுற்ற மாநிறத் தோல், ஆறும்போது முன்பைவிடக் கறுக்கிறது. கறுத்ததைப் போக்க இன்னொரு பாட்டில் வாங்குகிறார்கள். உங்கள் விற்பனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இருக்க முடியாது.

சட்டப்படி லேபிளில் குறையில்லை என்பீர்கள். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைவுமான பொருள்களை எந்த வரிசையிலும் எழுத விதி இடமளிப்பதால், துளியளவு சேர்த்ததும் பட்டியலில் கம்பீரமாக நிற்கிறது. ஆகவேதான் கேட்கிறேன்: முகப்பில் பெயர் போடும் பொருளின் விழுக்காட்டையும் அங்கேயே அச்சிடுங்கள். நிறத்தை வைத்து எவரையும் தாழ்த்திக் காட்டக் கூடாதென்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இலேயே நெறி வகுத்தும், சோர்ந்த கறுத்த முகத்தில் தொடங்கி வெளுத்த சிரிப்பில் முடியும் விளம்பரங்கள் இன்னும் ஓயவில்லை. அதற்குத் தனி மடலே வேண்டும்.

இப்போதைக்கு வேண்டுவது இவ்வளவே. விழுக்காட்டை அச்சிடுங்கள், பூசிக் கழுவிய பிறகு செய்த சோதனையின் முடிவு இருந்தால் மட்டும் ‘பொலிவு’ என்று எழுதுங்கள். அடுத்த லேபிள் அச்சுக்குப் போகுமுன் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்முலேஷன் வேதியியலாளர்